வெல்லும் வழி உண்டு: ஹெக்ஸ் ஆட்டமும் ஒரு நிரூபணமும்

மார்கழிக் கோலப் புத்தகங்களில் '15 புள்ளி, 8 வரை, ஊடுபுள்ளி' என்று போட்டிருக்கும். நடு வரிசையில் 15 புள்ளி வைத்து, மேலும் கீழும் வரிசைக்கு ஒன்றாகக் குறைத்து 8 வரை கொண்டுவர வேண்டும்; ஒவ்வொரு புள்ளியும் பக்கத்து வரிசையின் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே உள்ள சந்தில் விழ வேண்டும். நேர்ப்புள்ளியில் ஒரு புள்ளியை ஒட்டி நான்கு புள்ளிகள் இருக்கும். ஊடுபுள்ளியில் ஆறு. கோலம் போடுகிறவர்களின் விரல்களுக்குத் தெரிந்த இந்த வேறுபாட்டின் மேல்தான் ஹெக்ஸ் என்ற ஆட்டம் முழுதும் நிற்கிறது. அது நம் வாசலில் பிறந்த ஆட்டமல்ல. 1942இல் கோபன்ஹேகனில் ஒருமுறை பிறந்தது. ஆறேழு ஆண்டுகள் கழித்து அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் மறுபடி பிறந்தது. ஆனால் அதை ஆட ஒரு நோட்டுத் தாளில் ஊடுபுள்ளி வைத்தாலே போதும் என்பதால் அங்கிருந்து தொடங்குகிறேன்.

11 வரிசை, வரிசைக்கு 11 புள்ளி. ஒவ்வொரு வரிசையையும் அரைப்புள்ளி வலப்பக்கம் தள்ளிக்கொண்டே வந்தால் ஒரு சாய்சதுரம் கிடைக்கும். மொத்தம் 121 புள்ளிகள். அச்சிட்ட பலகைகளில் புள்ளிக்குப் பதில் தேன்கூட்டைப் போல அறுகோணக் கட்டங்கள் இருக்கும்; ஆட்டத்துக்கு இரண்டும் ஒன்றே. ஒருவருக்குச் சிவப்பு, மற்றவருக்கு நீலம். மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் சிவப்புக்குச் சொந்தம். இடமும் வலமும் நீலத்துக்கு. மாறி மாறி ஆளுக்கொரு காய் வைக்க வேண்டும். வைத்த காயை நகர்த்துவதில்லை, வெட்டுவதில்லை, எடுப்பதில்லை. தன் இரண்டு விளிம்புகளையும் தன் நிறக் காய்களின் அறுபடாத சங்கிலியால் முதலில் இணைப்பவர் வென்றார். இவ்வளவுதான் விதி. தாயத்தைப் போல உருட்ட எதுவும் இல்லை. சீட்டைப் போல மறைத்துப் பிடிக்கவும் எதுவும் இல்லை.

இந்த ஆட்டத்தைப் பற்றி இரண்டு செய்திகள் உறுதியாகத் தெரியும். ஒருநாளும் இது சமனில் முடியாது. முதலில் ஆடுபவருக்கு வெல்லும் வழி ஒன்று கட்டாயம் உண்டு. இரண்டையும் ஒரே தாளில் நிரூபித்துவிடலாம். அப்படியிருந்தும், 11க்கு 11 பலகையில் அந்த வழி எது என்று யாரும் முழுதாகக் காட்டியதில்லை. 'உண்டு' என்று அறிவதற்கும் 'இதுதான்' என்று காட்டுவதற்கும் இடையே கிடக்கும் இந்தத் தூரம் கணிதத்தில் பல இடங்களில் வரும். அதை ஒரு பள்ளிப்பிள்ளை பென்சிலும் கையுமாக உட்கார்ந்து தொட்டுப் பார்க்கக்கூடிய இடம் ஹெக்ஸ். இந்த ஆட்டத்தின் மேல் எனக்குள்ள பிடிப்பு அதனால்தான்.

டென்மார்க்கை ஜெர்மானியப் படைகள் 1940 ஏப்ரலில் பிடித்தன. அந்த ஆக்கிரமிப்புக் காலத்தில் கோபன்ஹேகனின் 'பொலிட்டிகன்' நாளிதழில் 'கும்பெல்' என்ற புனைபெயரில் நாலைந்து வரிக் கவிதைகள் வந்துகொண்டிருந்தன. தணிக்கைக்காரர் கண்ணுக்கு விளையாட்டாகவும் டேனியர் காதுக்கு வேறு விதமாகவும் பட்ட அந்தச் சிறு பாக்களை எழுதியவர் பீட் ஹைன். கவிஞர், பொறியாளர், புதிர்களை உருவாக்குபவர் என்று பல முகங்கள் அவருக்கு. எந்த நிலப்படத்தையும், அடுத்தடுத்த நாடுகள் ஒரே நிறம் பெறாதபடி, நான்கே நிறங்களால் தீட்டிவிடலாமா என்ற பழைய கேள்வியை அவர் மனத்தில் போட்டு உருட்டிக்கொண்டிருந்தார். தட்டையான தாளில் எதை எதோடு இணைக்க முடியும், எதை இணைத்தால் எது அறுபடும் என்ற அந்தச் சிந்தனைதான் ஆட்டமாகத் திரண்டது. 1942 டிசம்பர் 26ஆம் நாள் பொலிட்டிகன் அதை 'பாலிகன்' என்ற பெயரில் வெளியிட்டது. கட்டங்கள் அச்சிட்ட தாள் கட்டுகள் விற்பனைக்கு வந்தன. பலகையோ காயோ வேண்டாம், பென்சிலால் குறித்து ஆடிவிட்டுத் தாளைக் கிழித்துக்கொள்ளலாம். நான்கு நிறக் கேள்விக்கு விடை, ஆம் என்று, 1976இல்தான் கணினியின் துணையோடு வந்தது. அதன் நிழலில் முளைத்த ஆட்டம் அதற்கு வெகு முன்பே வீடுகளுக்குள் போய்விட்டது.

ஜான் நாஷ் 1948இல் பிரின்ஸ்டனுக்கு ஆராய்ச்சி மாணவராக வந்தபோது அவருக்கு வயது 20. அங்கே கணிதத் துறையின் ஃபைன் ஹால் பொதுக்கூடத்தில் மாலை நேரங்களில் ஆசிரியரும் மாணவரும் 'கோ' என்ற பலகை ஆட்டம், சதுரங்கம் என்று ஆடிக்கொண்டிருப்பது வழக்கம். நாஷ் தானே யோசித்துக் கண்ட ஆட்டம் ஒன்றைச் சக மாணவர் டேவிட் கேலிடம் விவரித்தார். கேல் அதற்கு ஒரு பலகை செய்து கூடத்தில் வைத்தார். சிலர் அதை 'நாஷ்' என்றார்கள், சிலர் 'ஜான்' என்றார்கள். அமெரிக்கப் பேச்சில் கழிப்பறைக்கும் 'ஜான்' என்று பெயர். அங்கே தரையில் பதித்திருக்கும் அறுகோண ஓடுகள் ஆட்டத்துக்கு வாகாக இருந்ததால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டதாகவும் சொல்வார்கள். 1952இல் பார்க்கர் பிரதர்ஸ் நிறுவனம் 'ஹெக்ஸ்' என்று பெயரிட்டு விற்றது. 1957 ஜூலையில் மார்ட்டின் கார்ட்னர் 'சயன்டிஃபிக் அமெரிக்கன்' இதழின் தம் பத்தியில் எழுதியபோதுதான் கோபன்ஹேகன் கதையும் பிரின்ஸ்டன் கதையும் உலகத்தின் கண்ணில் ஒன்றாகப் பட்டன.

ஹைன் ஆட்டத்தை ஒரு கவிஞரின் கண்ணால், கச்சிதமான ஒரு பொருளாகப் பார்த்தார். நாஷுக்கு அது ஒரு கேள்வியாக இருந்தது. நாம் இப்போது நாஷின் பக்கம் போவோம்.

முதலில், சமன் ஏன் கிடையாது? சதுரங்க ரசிகர்களுக்கு இந்தக் கேள்வி உறைக்கும். 2018இல் லண்டனில் கார்ல்சனும் கருவானாவும் உலகப் பட்டத்துக்காக மோதிய 12 நீண்ட ஆட்டங்களும் சமனில் முடிந்தன. ஹெக்ஸில் 121 கட்டங்களும் நிரம்பிவிட்டதாக வைத்துக்கொள்வோம். பலகைக்கு மேலும் கீழும் சிவப்புக் கரை, இடமும் வலமும் நீலக் கரை. மேல் இடது மூலையில், சிவப்புக் கரையும் நீலக் கரையும் கூடும் இடத்தில் ஓர் எறும்பு நிற்கிறது. கட்டங்களுக்கு நடுவிலுள்ள கோடுகளின் வழியே அது பலகைக்குள் நடக்கப்போகிறது. அதற்கு ஒரே ஒரு நிபந்தனை: எப்போதும் இடக்கைப் பக்கம் சிவப்பு, வலக்கைப் பக்கம் நீலம்.

கோடு ஒரு சந்திப்பில் முடிகிறது. எதிரே ஒரு கட்டம். அது சிவப்பானால் எறும்பு வலப்பக்கம் திரும்பும், நீலமானால் இடப்பக்கம். நிபந்தனை காப்பாற்றப்பட்டுவிட்டது. அடுத்த சந்திப்பிலும் அப்படியே. ஒவ்வொரு சந்திப்பிலும் கட்டங்கள் மூன்றே மூன்று கூடுவதால் போக எப்போதும் ஒரு வழி இருக்கும், ஒரே வழிதான் இருக்கும். வந்த சந்திப்புக்கு அது மறுபடி வரவும் முடியாது. அங்கே இரண்டு நிறங்களைப் பிரிக்கும் கோடுகள் இரண்டுதான். ஒன்றில் வந்து மற்றொன்றில் போயாயிற்று. சந்திப்புகளின் எண்ணிக்கைக்கோ ஓர் எல்லை உண்டு. ஆகவே எறும்பு எங்காவது வெளியேறித்தான் ஆக வேண்டும். வெளியேற மூலைகளை விட்டால் வேறு வாசல் இல்லை. எதிர்மூலையில் கரைகளின் நிறம் கை மாறிக் கிடப்பதால் அங்கே போக முடியாது. மேல் வலது மூலையில் வெளியேறினால், நடந்த வழி நெடுக வலக்கைப் பக்கம் வந்த நீலக் கட்டங்கள் இடக் கரையிலிருந்து வலக் கரை வரை ஒரு சங்கிலி. நீலம் வென்றது. கீழ் இடது மூலையில் வெளியேறினால் இடக்கைப் பக்கத்துச் சிவப்பு மேலிருந்து கீழ் வரை ஓடிவிட்டது. மூன்றாவது முடிவு என்று ஒன்றில்லை.

இதே எறும்பைச் சதுரக் கட்டம் போட்ட பலகையில் விட்டால் திணறும். அங்கே ஒரு சந்திப்பில் நான்கு கட்டங்கள் கூடுகின்றன. மூலைவிட்டமாகச் சிவப்பும் சிவப்பும், நீலமும் நீலமும் எதிரெதிரே நின்றுவிட்டால், மூலையை மூலை தொடுவதை இணைப்பாகக் கொள்வதா இல்லையா என்ற வழக்கு வந்துவிடும். கொண்டால் இருவரும் வெல்லலாம். கொள்ளாவிட்டால் இருவரும் முடங்கலாம். நேர்ப்புள்ளியை விட்டு ஊடுபுள்ளிக்கு வந்ததுமே அந்த வழக்கு தீர்ந்துவிடுகிறது. ஓர் ஆறும் ஓர் அணையும் போலத்தான் இது. அணை கரைக்குக் கரை முழுதாக நின்றால் நீர் பாயாது; எங்கோ ஓர் ஓட்டை இருந்தால் பாய்ந்தே தீரும்.

ஆடும்போது இந்த உண்மை ஒரு பழக்கமாகக் கைக்கு வந்து சேரும். தடுப்பதும் கட்டுவதும் ஹெக்ஸில் ஒரே செயல். எதிராளியின் சங்கிலியை அறுக்க என் சங்கிலியை முடிப்பதைத் தவிர வேறு வழி கிடையாது. புதிதாக ஆடுகிறவர்கள் காயை ஒட்டிக் காய் வைத்துச் செங்கல் அடுக்குவதுபோல் போவார்கள், தோற்பார்கள். பழகியவர்கள் தாவிப் போவார்கள். என் இரண்டு காய்கள் ஒட்டாமல் நிற்கின்றன. ஆனால் இரண்டுக்கும் பொதுவான அண்டைக் கட்டங்கள் இரண்டு, அவை இரண்டும் காலி. எதிராளி ஒன்றில் புகுந்தால் நான் மற்றதில் வைத்து இணைத்துவிடுவேன். இதைப் பாலம் என்பார்கள். கட்டாமலே கட்டி முடிந்த பாலம் அது. அதில் ஒரு காய் செலவழிப்பது வீண். விளிம்புக்கு அருகே வேறொரு காட்சி: நான் இரண்டாம் வரிசையில் வைக்க, அவர் முதல் வரிசையில் வைத்து அடைக்க, நான் பக்கத்தில் வைக்க, அவர் மறுபடி அடைக்க, இரண்டு வரிசைகள் இணையாக நீண்டுகொண்டே போகும். இதற்கு ஏணி என்று பெயர். ஏணி போய்ச் சேரும் கோடியில் என் காய் ஒன்று முன்கூட்டியே காத்திருந்தால் ஆட்டம் எனக்கு, இல்லையென்றால் அவருக்கு. நல்ல ஆட்டக்காரரை இனம் காட்டுவது, இன்னும் தொடங்காத ஏணிக்காக ஆட்டத்தின் தொடக்கத்திலேயே எங்கோ ஓரத்தில் வைத்துவிட்டுப் போகும் அந்த ஒரு காய்.

இனி நாஷின் நிரூபணம். சமனும் இல்லை, தற்செயலும் இல்லை, மறைப்பும் இல்லை, ஆட்டம் 121 காய்களுக்குள் முடிந்தும் விடும் என்றால், இருவரில் ஒருவருக்கு எதிராளி எப்படி ஆடினாலும் வெல்லும் வழி இருந்தே ஆக வேண்டும். அது இரண்டாவதாக ஆடுபவரிடம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அப்படியானால் முதலில் ஆடும் நான் ஏதோ ஒரு கட்டத்தில் ஒரு காயை வைத்துவிட்டு, அதை வைத்ததையே மறந்து, நானே இரண்டாவது ஆள் என்று பாவித்துக்கொள்கிறேன். எதிராளி வைக்கும் ஒவ்வொரு காய்க்கும் அந்த மந்திர வழி என்ன பதில் சொல்கிறதோ அதையே ஆடுகிறேன். நான் ஏற்கெனவே காய் வைத்துவிட்ட கட்டத்திலேயே வைக்கச் சொன்னால்? நல்லதாயிற்று, வேறொரு காலி இடத்தில் வைத்துக்கொள்கிறேன். ஹெக்ஸில் தன் நிறக் காய் ஒன்று கூடுதலாக இருப்பதால் யாருக்கும் ஒருபோதும் கேடில்லை. ஆகவே நானும் வெல்வேன். ஒரே ஆட்டத்தில் இருவரும் வெல்ல முடியாதே. எனவே அந்த வழி இரண்டாமவரிடம் இருக்க முடியாது, முதலாமவரிடம்தான் இருக்கிறது.

யுத்தியைத் திருடும் வாதம் என்று இதற்குப் பெயர் வந்துவிட்டது. முதன்முறை படித்தபோது எங்கோ ஒரு வரியைத் தவறவிட்டுவிட்டேன் என்று நினைத்து மேலிருந்து மறுபடி படித்தேன். முதல் காயை எங்கே வைக்க வேண்டும் என்று அது ஒரு வார்த்தை சொல்வதில்லை. பூட்டிய வீட்டுக்குள் பொக்கிஷம் இருக்கிறது என்று பத்திரம் எழுதிக் கொடுக்கிறது. சாவியைப் பற்றிப் பேச்சே இல்லை.

நாஷின் பிற்காலப் புகழோடு இந்தச் சின்ன ஆட்டத்துக்கு உள்ள உறவு பலருக்குத் தெரியாது. 1994இல் அவருக்குப் பொருளாதார நோபல் பெற்றுத் தந்தது 'நாஷ் சமநிலை' என்ற கருத்து. போட்டியிடும் பலரில் எவரும் தான் மட்டும் வழியை மாற்றிக்கொண்டு ஆதாயம் பெற முடியாத ஒரு நிலை எப்போதும் உண்டு என்பது அது. இங்கும் சொல்லப்படுவது 'உண்டு' என்பதுதான். 1951இல் அவர் வெளியிட்ட நிரூபணம் டச்சுக் கணிதர் ப்ரௌவரின் நிலைப்புள்ளித் தேற்றத்தின் மேல் நின்றது. மதுரை நகர வரைபடம் ஒன்றை மதுரையிலேயே ஒரு வீட்டுத் தரையில் விரித்தால், வரைபடத்தின் ஏதோ ஒரு புள்ளி தான் குறிக்கும் இடத்துக்கு நேர் மேலேயே கிடக்கும். அந்தத் தேற்றத்தின் எளிய முகம் இது. 1979இல் அதே டேவிட் கேல், முதல் பலகையைச் செய்து வைத்தவர், ஒரு கட்டுரையில் காட்டினார்: ஹெக்ஸ் சமனில் முடியாது என்பதும் ப்ரௌவர் தேற்றமும் ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பெறக்கூடியவை. ஃபைன் ஹால் கூடத்தில் நாஷ் ஆடிய ஆட்டமும் அவருக்கு நோபல் தந்த தேற்றமும் ஒரே வேரிலிருந்து வந்தவை என்று தெரிய 30 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. ப்ரௌவரோ தம் பிற்காலத்தில் 'இருக்கிறது' என்று மட்டும் சொல்லிக் காட்டாமல் விடும் நிரூபணங்களை ஏற்க மறுத்தவர். கட்டிக் காட்டினால்தான் கணிதம் என்பது அவர் கட்சி. ஹெக்ஸ் பலகையின் முன் உட்கார்ந்து அடுத்த காயை எங்கே வைப்பது என்று விழிக்கும் எவருக்கும் அந்தக் கட்சியின் நியாயம் சட்டென்று விளங்கும்.

சாவி கிடைத்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று இருக்கிறது. கேல் ஹெக்ஸை ஒத்த மற்றோர் ஆட்டத்தை உருவாக்கினார். 1960இல் அது 'பிரிட்ஜ்-இட்' என்று கடைக்கு வந்தது. அதிலும் சமன் கிடையாது, அதிலும் முதலாமவருக்கே வெற்றி. ஆலிவர் கிராஸ் என்ற கணிதர் அதற்குக் கோடுகளை இரண்டிரண்டாக ஜோடி சேர்த்த ஒரு படம் வரைந்தார். எதிராளி ஒரு ஜோடியில் ஒன்றைத் தொட்டால் நீங்கள் மற்றதைத் தொட வேண்டும். அவ்வளவே. அந்தப் படத்தைப் பார்த்த பிறகு பிரிட்ஜ்-இட் ஆடுவதில் யோசிக்க ஒன்றும் இல்லை.

ஹெக்ஸிலும் பலகையின் ஒரு பக்கத்தை ஒரு வரிசை குறைத்துவிட்டால் இதே கதைதான். குறுகிய தூரத்தைக் கடக்க வேண்டியவர் இரண்டாவதாக ஆடினாலும் ஜோடிக் கணக்கில் வென்றுவிடுவார். தகவல் கோட்பாட்டின் தந்தை கிளாட் ஷானன் இதை வைத்து ஒரு பொறி செய்தார். விருந்தினர் முதலில் ஆடலாம், ஆனாலும் பொறிதான் ஒவ்வொரு முறையும் வெல்லும். விடை கணத்தில் வந்துவிடுவதால், பொறி யோசிப்பதுபோல் தோன்ற வேண்டுமென்றே ஒரு தாமதச் சுற்றைச் சேர்த்திருந்தார். எனக்கு அவருடைய மற்றொரு பொறிதான் பெரிதாகப் படுகிறது. அதில் பலகை முழுதும் மின்தடைகளின் வலை. ஒருவர் காய்க்கு நேர் மின்னழுத்தம், மற்றவர் காய்க்கு எதிர். இரண்டு இழுப்புகளும் நெருக்கும் இடத்தைக் கண்டு அங்கே காய் வைக்கும். எதையும் எண்ணிப் பார்க்காமல், மின்சாரம் தன் வழியில் ஓடுவதை மட்டும் பார்த்து, நல்ல ஆட்டமே ஆடியது அது. இணைப்பு என்பதை மின்சாரத்தை விடத் தெரிந்தவர் யார்?

பக்கங்கள் சமமான பலகையில் சாவி தேடும் வேலையைக் கணினிகள் எடுத்துக்கொண்டன. 7க்கு 7இல் நடுக்கட்டத்திலிருந்து வெல்லும் முழு வழியைக் கனடாவின் மானிட்டோபாவில் ஜிங் யாங்கும் துணைவர்களும் 2001இல் எழுதிக் காட்டினார்கள். அதே நாட்டின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் ரையன் ஹேவர்டின் குழு 2009இல் 8க்கு 8இன் எல்லாத் தொடக்கங்களையும், 2013இல் 9க்கு 9இன் எல்லாத் தொடக்கங்களையும் தீர்த்தது. வரிசை ஒன்று கூடுவதற்கு ஆண்டுகள் பிடிக்கின்றன. 11க்கு 11இல் ஒவ்வொரு கட்டமும் சிவப்பு, நீலம், காலி என்று மூன்று விதமாக இருக்கலாம் என்று பெருக்கிப் பார்த்தால் 58 இலக்க எண் வருகிறது. பலகை எவ்வளவு பெரிதானாலும் பொருந்தும் குறுக்குவழி ஒன்று கிடைக்கும் என்ற நம்பிக்கையையும் 1981இல் ஸ்டெஃபன் ரைஷ் பெருமளவு மூடிவிட்டார். எந்த நிலையில் யார் வெல்வார் என்று கண்டறியும் பொதுச் சிக்கல், விரைவான வழியே இராது என்று கணினியியலாளர் கருதும் கடின வகுப்பில் சேர்ந்தது என்று நிரூபித்தார். ஆல்பர்ட்டாவிலேயே ஜோனதன் ஷேஃபர் 2007இல் செக்கர்ஸ் ஆட்டத்தைத் தீர்த்து, இருவரும் பிழையின்றி ஆடினால் சமன் என்றார். செக்கர்ஸின் முடிவு என்ன என்பதை அறியக் கணினிகள் ஆண்டுக்கணக்காக உழைத்தன. ஹெக்ஸின் முடிவு தொடங்கும் முன்பே தெரியும், வழிதான் தெரியாது.

முதலாமவருக்குத்தான் வெற்றி என்றால் நியாயம் எங்கே? இதற்கு நம் வீடுகளில் சொத்துப் பிரிக்கும்போது செய்யும் ஏற்பாட்டையே ஹெக்ஸ்காரர்களும் செய்துகொண்டார்கள். பாகம் பிரிப்பவர் ஒருவர், முதலில் எடுப்பவர் மற்றவர். முதல் ஆள் ஒரு காய் வைத்ததும், இரண்டாம் ஆள் விரும்பினால் அந்தக் காயைத் தனதாக்கிக்கொண்டு பக்கம் மாறலாம். ஆகவே முதல் காய் மிக நல்லதாகவும் இருக்கக் கூடாது, மிக மோசமாகவும் இருக்கக் கூடாது. சாய்சதுரத்தின் கூர்மூலையில் தொடங்கினால் தோல்வி என்று அனடோல் பெக் எல்லா அளவுப் பலகைக்கும் நிரூபித்திருக்கிறார். நடுவில் வைத்தால் எவரும் பிடுங்கிக்கொள்வார்கள். இடைப்பட்ட கட்டங்களில்தான் சங்கடம்.

சென்ற மே விடுமுறையில் அக்கா மகளுக்கு இந்த ஆட்டத்தைச் சொல்லிக் கொடுத்தேன். ஏழாம் வகுப்பு முடித்தவள். பலகை வரைய நான் அடிக்கோல் தேடிக்கொண்டிருக்கும்போதே அவள் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் 11 வரிசை ஊடுபுள்ளியைக் கையாலேயே வைத்து முடித்துவிட்டாள். அவள் பாட்டி போட்ட பழக்கம். மூன்றாம் நாள் பாலம் அவளுக்குக் கைவந்துவிட்டது. நான்காம் நாள் மாலை முதல் காய் அவளுடையது. நடுவுக்குப் போகவில்லை, மூலைக்கும் போகவில்லை. மேலிருந்து இரண்டாம் வரிசையில், இடமிருந்து நான்காவது புள்ளியில் சிவப்புப் பென்சிலால் ஒரு வட்டம் போட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். அதை எடுத்துக்கொண்டால் வெற்றியா, விட்டுவிட்டால் வெற்றியா, இரண்டில் ஒன்று நிச்சயம். என் பென்சில் அந்த வட்டத்தின் மேல் வந்தது, விலகியது, மறுபடி வந்தது.

"மாமா, மாத்திக்கிறீங்களா இல்லையா? சீக்கிரம் சொல்லுங்க."

"கொஞ்சம் இரு கண்ணு, யோசிக்கிறேன்."

"அப்படின்னா நல்ல இடத்துலதான் வெச்சிருக்கேன்" என்றாள்.